சோதினை மேசை

இன்று காலை வெள்ளவத்தையில் நீ இருந்த சம்மறி வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனது வேறு செய்திக்கு. வாய்க்கால் ஓரத்து வீடுகளில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பத்திரிகைக் கந்தோரில் சொன்னார்கள். பார்த்து, விசாரித்து, குறித்துக்கொண்டு திரும்பும்போது உங்கள் ஒழுங்கை வழியாக வந்தேன். பாதிச் சுவர்தான் நின்றது. சாந்து உதிர்ந்த இடமெல்லாம் சிவந்த கபொக் கல், தேன்வதை போல ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. அந்த நேரம் மழை மறுபடி தூறியது. நனைந்த கல்லிலிருந்து பழைய இரும்பும் கிளறிய மண்ணும் கலந்த அந்த மணம் எழுந்தது. குடை கையில் இருந்தது. விரிக்காமல் நின்றேன்.

ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சதுர வானம். அந்த நாளில் அதன் கீழேதான் மேசை இருந்தது. சம்மறியில் இருந்தவர்கள் அதைச் சோதினை மேசை என்பார்கள்.

ஊரைவிட்டு உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரரையும் வைத்துக்கொண்டு இருக்கும் வீட்டுக்குச் சம்மறி என்று பெயர். உங்கள் சம்மறிக்கு ஒரு சட்டம் இருந்தது. வெளிச்சமும் காற்றும் உள்ள அந்த ஒரே மேசை, பரீட்சைக்குப் படிப்பவனுக்கு மட்டும். அவன் அங்கே உட்கார்ந்தால் சீட்டு விளையாடுபவர்கள் முன் விறாந்தைக்குப் போய்விடுவார்கள். சமையல்காரர் கந்தையா அண்ணை அடுப்படியிலிருந்து முட்டைக் கோப்பி அடித்துக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைப்பார். எல்லாவற்றிலும் முக்கியமான விதி, எந்தச் சோதினை, எப்போது என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் கண்ணூறு படும் என்று நம்பினார்கள். தோற்றவன் எழுதவே இல்லை என்று சொல்லித் தப்புவதற்கும் அது வசதியாக இருந்தது.

நீ அந்த மேசையில் இருந்தாய். மாலையில் கந்தோரால் வந்து முகம் கழுவினால் இரவுச் சாப்பாடு வரை அங்கேதான். ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி. விளங்கிய பக்கத்தின் அடியில் சிறிய கோடு போடுவாய். விளங்காத பக்கத்துக்கு வட்டம். லண்டன் பரீட்சை என்று சிலர் நினைத்தார்கள், கணக்காளர் பரீட்சை என்று சிலர். யாரும் கேட்கவில்லை. கேட்காததால் உனக்கும் அவர்கள் நினைப்பு தெரியவில்லை. கந்தையா அண்ணைக்கு உன்மேல் பிரியம், அதனால் கோப்பி வருகிறது என்றுதான் நீ நினைத்திருந்தாய்.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். கடல் அரித்த ரயில் பாதைக்குக் கல் கொட்டுகிறார்களே, அதைப் பற்றி எழுத வந்தபோதுதான் உன்னை முதலில் சந்தித்தேன். அந்தக் கல்லுக்கான பில்லுகள் ரயில்வேக் கந்தோரில் உன் மேசையைத் தாண்டித்தான் போகும் என்று உன்னிடம் அனுப்பினார்கள். எத்தனை வண்டி, எங்கிருந்து என்று நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாய். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“எல்லாம் கேட்டீர். என்ன கல்லெண்டு கேக்கேல்லையே?”

“கல்லெண்டால் கல்லுத்தானே காணும்?”

“நானும் அப்பிடித்தான் இருந்தனான். ஒரு வருசமா இந்தக் கல்லுக்குப் பில் எழுதினனான். ஒரு கல்லைக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை. சனிக்கிழமை வாரும், காட்டுறன்.”

வந்தேன். வெள்ளவத்தைக் கரையில் தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த பாறைகளில் ஒன்றின்மேல் என்னை இருத்தி, வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடிய வரிகளை விரலால் தடவிக் காட்டினாய். வரிகளுக்கு நடுவில் சிவப்புப் பொட்டுகள். பிறகு குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, அதே சிவப்பு அதற்குள்ளும் இருப்பதைக் காட்டினாய். நீ பிறந்த ஊரில் மலை இல்லை. தோண்டினால் சுண்ணக்கல். முதன்முதலாக மலையைப் பார்த்ததே இந்த மணலில்தான் என்றாய். மருதானைப் பழைய புத்தகக் கடையில் கல்லைப் பற்றிய அந்தப் புத்தகம் வாங்கியது அப்படிப் பார்த்த பிறகு. எனக்கு அன்று மணல் அவ்வளவாக விளங்கவில்லை. உன் முகம் விளங்கியது. கந்தோர் மேசையில் நான் பார்த்த முகம் அல்ல அது.

கந்தையா அண்ணை சமையலோடு கலியாணமும் பேசுவார் என்பது உனக்கு நினைவிருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். “லண்டன் சோதினைக்குப் படிக்கிற பொடியன் ஐயா. சீட்டில்லை, சுருட்டில்லை. ரெண்டு வருசமா என்ரை கையாலை முட்டைக் கோப்பி.” அப்பா துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். பரீட்சைக்குப் படிக்கிற மாப்பிள்ளை என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் தங்கை சரசு திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். நான் அப்போது வீட்டில் இல்லை. கந்தோரால் வந்தபோது நாள்கூடக் குறித்தாகிவிட்டது. லண்டன் சோதினை இல்லை என்று நான் அப்பாவைத் திருத்தவில்லை.

கோட்டை வரை ரயிலிலும் பிறகு கிராண்ட்பாஸ் ட்ராமிலும் நீயும் நானும் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பலமுறை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். ட்ராமில் நீ கேட்டாய்: “மச்சான், நான் என்ன கதைக்கிறது?” கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்றேன். நீ அதைத்தான் செய்தாய்.

அப்பா ஊர், உறவு, கந்தோர் எல்லாம் விசாரித்து முடித்துக் கடைசியில் அதற்கு வந்தார்.

“தம்பி, வீட்டுக்குள்ளை கேட்டாக் கண்ணூறில்லை. லண்டன் மற்றிக்கோ, இன்ரரோ?”

“என்ன ஐயா?”

“நீர் படிக்கிற சோதினை.”

“சோதினை ஒண்டுக்கும் படிக்கேல்லை ஐயா. கல்லைப் பற்றிப் படிக்கிறன்.”

“கல்லோ? றெயில்வேயிலை கல்லுக்குப் பெரிய உத்தியோகம் ஏதும் வருதோ?”

“இல்லை ஐயா.”

“பிறகென்னத்துக்கு?”

நீ கொஞ்சம் யோசித்தாய். உண்மையாகவே யோசித்தாய். “சும்மாதான் ஐயா” என்றாய்.

கந்தையா அண்ணை எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சுவரோரம் நின்றவர் தலையில் கை வைத்தார். “அப்ப நான் ரெண்டு வருசமா அடிச்ச முட்டை?”

சரசு தேநீர்த் தட்டோடு வந்தது அந்த நேரத்தில். நீ சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்து, கோப்பைக்குக் கீழே இருந்த பீங்கான் தட்டில் மணலைக் கொட்டினாய். அப்பாவுக்குக் காட்டத்தான் கொட்டினாய். அவர் பார்க்கவில்லை. சரசு குனிந்து பார்த்தாள்.

“ஏன் இதுக்குள்ளை சிவப்பாக் கிடக்கு?”

பெண் பார்க்க வந்தவனிடம் பெண் கேள்வி கேட்பதை எங்கள் வீடு அதற்கு முன் கண்டதில்லை. நீயோ எங்கிருக்கிறாய் என்பதையே மறந்து பதில் சொன்னாய். அது மலைநாட்டுப் பாறைக்குள் இருந்தது, மழை கரைத்தது, ஆறு கொண்டுவந்தது, கடல் அரைத்தது.

“எவ்வளவு காலம் எடுத்திருக்கும்?”

“அது ஆருக்கும் சரியாத் தெரியாது.”

“தெரியாததையோ படிக்கிறியள்?”

“ஓம்” என்றாய். அவள் சிரித்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

நீ படியிறங்கும்வரை பொறுத்திருந்த அப்பா, அன்று மாலை என்னிடம் சொன்னார்: “படிப்பெண்டால் ஏணி. நான் அதிலை ஏறித்தான் இந்த வீட்டுக்கு வந்தனான். ஏணியைத் தடவிப் பாத்துக்கொண்டு கீழை நிக்கிற ஆளுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?” சரசு உள்ளேயிருந்து, “எனக்கு ஓம் அப்பா” என்றாள். பிறகு வந்த வேறு சம்பந்தம் எதற்கும் அவள் தலையாட்டவில்லை. கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார். நீ பதவி உயர்வுக்கான கணக்குப் பரீட்சையை எழுதித் தேற வேண்டும். அதுவரைக்கும் கல்லும் மண்ணும் ஆகாது.

நீ ஒத்துக்கொண்டாய். அலுமாரியின் கீழே வைத்திருந்த கல்லுகளை ஒரு சாக்கில் போட்டு, நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொன்றாக எடுத்து ரயில்வேப் பாறைகளுக்கு நடுவில் வைத்தாய். எறியவில்லை. மணலிலிருந்து கறுப்பு மணிகளைப் பிரித்தெடுக்கும் காந்தத்தை மட்டும் கடலில் எறிந்தாய். “கையிலை இருந்தா எடுக்கச் சொல்லும் மச்சான்” என்றாய். சோதினை மேசையில் முதன்முறையாக ஒரு சோதினைக்காக உட்கார்ந்தாய். கந்தையா அண்ணை கோபம் தீர்ந்து மறுபடி முட்டை அடித்தார். தேறினாய். கலியாணம் நடந்தது. சொல்லுக்கு மச்சானாக இருந்தவன் உறவுக்கும் மச்சானானாய். வெள்ளவத்தையிலேயே பாதி வீடு ஒன்று வாடகைக்கு எடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நீ என்னிடம் பேசியதில்லை. சரசு பேசினாள். ஒரு மாலை நான் வந்தபோது நீ இன்னும் கந்தோரால் வரவில்லை. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“அண்ணை, இவர் ஆர்?”

“என்ன கதை இது?”

“நல்லவர். நேரத்துக்கு வாறார், சாப்பிடுறார், மேலதிகாரி என்ன சொன்னாரெண்டு சொல்லுறார், படுக்கிறார். குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா நான் ஓம் எண்டது வேறை ஆளுக்கு. அந்தாளை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. அவள் எதைப் பார்த்து உனக்குச் சம்மதித்தாளோ, அவளை அடைவதற்கு நீ அதையே கொடுத்துவிட்டாய். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. தென்மேல் காற்று ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிறு, கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் வரி வரியாக ஒதுங்கியிருந்த நேரம், தனியே இறங்கிப் போய்ச் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்தாள். உனக்குத் தேநீர் வைத்தாள். கோப்பையின் கீழே தட்டு இல்லை. மணல் நிறைந்த தட்டு பக்கத்தில் இருந்தது. நானும் அன்று அங்கே இருந்தேன்.

நீ தட்டைப் பார்த்தபடியே இருந்தாய். தேநீர் ஆறிப் போயிற்று. பிறகு கேட்டாய்:

“காந்தம் எங்கை?”

“கேக்கிறதைப் பார். நீங்கள்தானே கடலுக்கை எறிஞ்சனீங்கள்!”

இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் மருதானைக்குப் போய், ரயில் பட்டறையில் எனக்குப் பழக்கமான ஒருவரிடம் ஒரு காந்தத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதையும் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு உங்கள் வீட்டிலும் ஒரு மேசை வந்தது. இரண்டு நாற்காலிகள். அவள் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தாள். நீ கோடு போட்ட பக்கத்தில் அவளுக்கு விளங்காவிட்டால் உன் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டாள்; “விளங்கினா எனக்கும் சொல்லத் தெரியவேணும்” என்று உன்னைத் திருப்பி அனுப்பினாள். இதைப் படித்து உனக்குச் சம்பளம் கூடுமா என்று ஒருநாள் நான் விளையாட்டாகக் கேட்டேன். “உத்தியோகத்துக்குப் படிச்சது அஞ்சு மணியோடை முடிஞ்சிடும் மச்சான். மிச்ச நேரத்துக்கு ஒரு மனுசன் என்ன செய்யிறது?” என்றாய். அப்போது அது எனக்கு ஒரு நல்ல பதிலாக மட்டும் பட்டது.

இருமல் முதலில் வந்தது, பிறகு காய்ச்சல், பிறகு வாய் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம். காசநோய். நெஞ்சு வருத்தக்காரருக்கான ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்ததே பெரிய காரியம் என்றார்கள். கந்தோர் உன் இடத்துக்கு வேறொருவரைப் போட்டது. அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். உனக்கு முன்பே தெரிந்திருந்தது. நீ கேட்டது வேறு.

“மச்சான், அந்தச் சுவரைப் பாத்தனியோ?”

உன் கட்டிலுக்கு எதிரே சாந்து பெயர்ந்து கபொக் கல் தெரிந்தது. நிலத்துக்குள் இருக்கும்போது அது கோடரியால் சீவக்கூடிய அளவு மென்மையானது என்றாய். வெட்டி வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் இறுகும். ஒரு காலத்தில் கடும்பாறையாக இருந்து, மழையில் மக்கி, இரும்பு மட்டும் எஞ்சிச் சிவந்தது. கொழும்பில் பாதி வீடு அதில்தான் நிற்கிறது.

“கதையாதை. இருமல் வரும்.”

“கதைக்காட்டியும் வரும்.”

வந்தது. அடங்கும்வரை உன் முதுகைப் பிடித்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கிராண்ட்பாஸ் புடவைக்கடை முதலாளி ஒருவர், முஸ்லிம் பெரியவர், எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாச் சொல்லுங்க மகனுக்கு. ராவும் பகலும் அந்தச் செவரோடதான் பேச்சு. இதப் படிச்சு இனி என்னத்துக்கு வாப்பா?” என்று என்னிடம் முறையிட்டார். கேலியும் இல்லை, குத்தலும் இல்லை. அவருக்கும் அதே நெஞ்சு வருத்தம். அவருக்கும் விடை வேண்டியிருந்தது.

நானா, அதாவது அண்ணா, என்றுதான் அவரைக் கூப்பிடுவாய்; அவரைப் பார்த்தே சொன்னாய். மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னாய். “நான் பாஸ் பண்ணின கணக்கு, இஞ்சை ஒருநாளும் என்னைப் பாக்க வரேல்லை நானா. இது ஒவ்வொரு நாளும் வருது.”

பெரியவர் கையூன்றித் தன் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கடைசியாக உன்னோடு பேசியது அன்றுதான். அடுத்த தடவை சரசுவோடு வந்தபோது உனக்கு நினைவு இல்லை. தலைமாட்டில் புத்தகம் இருந்தது. கடற்கரைகளைப் பற்றிய அத்தியாயம். ஒரு பக்கத்தில் உன் கோடு இருந்தது, பென்சில் அழுந்தாமல், மயிரிழை போல. அதற்கு அடுத்த பக்கத்தில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை.

செத்த வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: படிச்சுப் படிச்சே நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்டான். சரசுவின் காதில் விழும்படிதான் பேசினார்கள். கந்தையா அண்ணை வாசலில் பாடைக்கு ஓலை பின்னிக்கொண்டிருந்தவர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “தம்பி, என்ரை கோப்பியைக் குடிச்சுப் பாஸ் பண்ணிப் பெரிய ஆளானவங்கள் எத்தினை பேர். ஒருத்தன் திரும்பி வரேல்லை. இவன் ஒருத்தன்தான் குசினிக்குள்ளை வந்து என்ரை அம்மியைத் தடவிப் பாத்து, அண்ணை, இது எங்கத்தைக் கல்லுத் தெரியுமோ எண்டு கேட்டவன்.” அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பா சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கணக்குப் பரீட்சையால் வந்த பதவிதான் உனக்குப் பிறகு சரசுவுக்கு விதவைப் பென்சனாக வருகிறது. அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறாள். அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மறுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, “அது சோறு அப்பா. சோறு வேணும்தான்” என்றாள்.

நான் இப்போதும் அதே கந்தோரில்தான். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. எழுத நிறைய இருக்கிறது. யார், எங்கே, எப்போது என்று பத்திரிகைக்கு வேண்டியதை எல்லாம் கேட்டு எழுதி முடித்த பிறகு, பத்திரிகைக்கு வேண்டாத ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டு வருகிறேன். நீ என்னிடம் கேட்ட கேள்விதான் அது, ஆளுக்கு ஆள் வேறு உருவத்தில். விடையை எங்கும் எழுதுவதில்லை. வெற்றிலைக்காரியிடம் கொடி எப்படித் திசை பார்த்துப் படர்கிறது என்று கேட்டிருக்கிறேன். இன்று வாய்க்கால் ஓரத்தில் ஒரு முதியவரிடம், இந்தத் தண்ணீர் முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டேன். அவர் குடையைச் சுருக்கி, அதன் முனையால் திசை காட்டினார்.

இடித்த சுவரிலிருந்து ஒரு துண்டுக் கல்லைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தேன். சரசு இப்போது என்னோடுதான் இருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லையே. கைலேஞ்சியை விரித்தேன். எங்கே எடுத்தது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணந்து பார்த்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன்.

பிறகு அலுமாரியைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தாள். நீ போன பிறகு அந்த மயிரிழைக் கோட்டுக்கு அப்பால் அவள் ஒரு பக்கமும் புரட்டியதில்லை. எனக்குத் தெரியும், நானும் புரட்டச் சொன்னதில்லை.

“அடுத்த பக்கத்தை வாசியுங்கோ அண்ணை. எனக்குக் கண் தெரியேல்லை” என்றாள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

வாசித்தேன். கரையை அலை எப்படி ஒரு பக்கத்தில் தின்று மறுபக்கத்தில் சேர்க்கிறது என்று ஆங்கிலத்தில் நீண்ட நீண்ட வசனங்கள். பாதி விளங்கவில்லை. பென்சிலைத் தேடி, பக்கத்தின் அடியில் ஒரு வட்டம் போட்டேன். இத்தனை வருடத்தில் உன் புத்தகத்தில் விழுந்த முதல் அடையாளம்.

அடுப்படியில் முட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் சரசு வந்து, கோப்பியை என் கையருகே சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். எந்தச் சோதினை என்று அவள் கேட்கவில்லை.